‘வி’ எழுதிய தகடுகள்

ஜனவரி 27, செவ்வாய்

காலை பத்தரை. ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் ஓர் இலை. போன் அடித்தது. வேலாங்காட்டுப்புதூர் மயிலாத்தாள்.

"ஏங்கண்ணு, சங்கதி தெரியுமா? நம்ம மூங்கி வயசுக்கு வந்துருச்சு!"

"என்னம்மா சொல்றீங்க?"

"பூத்திருக்குங் கண்ணு. உருண்டை உருண்டையா, கொத்துக் கொத்தா. நாலு வருசத்துலயே! ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. சீர் பண்ணோணும். தாய்மாமன் நீங்கதான். வெறுங்கையோட வரக்கூடாது, இப்பவே சொல்லிப்போட்டேன்."

சிரித்தேன். சனிக்கிழமை வருகிறேன் என்றேன். அவரும் சிரித்தார்.

நான்கு வருடங்களுக்கு முன் எங்கள் ஆய்வு மையம் வறண்ட நிலங்களுக்குக் கல் மூங்கில் கன்றுகள் கொடுத்தது. அந்த ஊரில் வாங்கிக்கொண்டவர் இவர் ஒருவர்தான். ஒரு ஏக்கர். நூற்று அறுபது கன்றுகள். வரிசைக்குப் பத்தாக, பதினாறு வரிசை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் உயரம், பருமன், புதுக் கழிகள் எத்தனை என்று குறித்துக்கொண்டு வருவேன். என் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த ஒரு ஏக்கர்தான்.

கல் மூங்கில் வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்ததும் சாகும்.

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். போனில் நாங்கள் பேசியது நான்கு நிமிடம்.

ஜனவரி 28

அத்தியாயம் மூன்றைத் திறந்து உட்கார்ந்தேன்.

"கல் மூங்கில் குத்தாக வளரும் இனம். அடிக்கிழங்கு குட்டையானது, தொலைவுக்கு ஓடாது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கிழங்கின் விளிம்பில் புதுக் குருத்து எழும்பும். ஆகவே வயதான கழிகள் நடுவிலும் இளையவை ஓரத்திலும் நிற்கும். கழியின் உள்துளை மிகச் சிறியது. வறண்ட இடங்களில் ஏறக்குறைய இல்லை. ஏணி, கைத்தடி, பந்தல் கால், கருவிகளின் பிடி ஆகியவற்றுக்கு ஏற்றது."

எல்லாம் சரி. அடுத்த வரி: "நடவுப் பொருள்: விதை நாற்று."

அந்த வரியில் சுட்டி துடித்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டேன்.

நான்கு வயதில் பூத்ததற்குக் காரணம் வறட்சியாக இருக்கலாம். சென்ற ஆண்டு மழை குறைவு. அப்படி நடந்ததாகக் கட்டுரைகள் இருக்கும். தேட வேண்டும்.

ஜனவரி 31, சனி

காங்கயம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வெறுங்கையோடு வரக்கூடாது என்றாரே என்று யோசித்தேன். வளையல் கடை எதிரிலேயே இருந்தது. ஒரு டஜன் கண்ணாடி வளையல், பச்சை. விளையாட்டுக்குத்தான். கடைக்காரப் பெண் அளவு கேட்டபோது கையால் ஒரு வட்டம் காட்டினேன். கல் மூங்கில் கழியின் பருமன் எனக்கு மனப்பாடம்.

மயிலாத்தாள் கிணற்று மேட்டில் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் விபூதி, இடுப்பில் செருகிய சேலை, காலில் கணவர் விட்டுப்போன பெரிய செருப்பு. கையில் வளையலைக் கொடுத்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அட, நெசமாலுமே வாங்கிட்டு வந்துட்டீங்! நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னனுங் கண்ணு."

"தாய்மாமன் முறை இருக்கில்லம்மா."

இதை நான் சொன்னேன். என் வாயால்.

பிறகு வயலுக்குள் போனோம்.

எட்டாம் வரிசையிலிருந்து பூத்திருந்தது. முதல் ஏழு வரிசையில் ஒரு பூ இல்லை. இலைகள் பச்சையாக, மெத்தென்ற மயிரோடு, காற்றில் சலசலத்தன. எட்டாம் வரிசையில் தொடங்கி வேலி வரை இலையே இல்லை. வெறும் காம்புகளில் முள்ளுருண்டை போலப் பூத்தலைகள், அவற்றிலிருந்து மஞ்சள் மகரந்தப் பைகள் நூலில் தொங்கின. கோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு எல்லை.

வறட்சி கோடு கிழித்துக்கொண்டு வராது.

"இந்தப் பக்கம் எல்லாம் பெரிய மனுசி ஆயிருச்சு. அந்தப் பக்கம் ஒண்ணு கூட ஆவல. கெணத்துத் தண்ணி அங்க சரியாப் பாயலயாட்டம் இருக்குதுங். அப்பிடித்தானுங்?"

தலையை ஆட்டினேன்.

ஆம் என்று சொல்லவில்லை. தலையை ஆட்டியது மட்டும்தான். பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் இந்த வித்தியாசத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு குத்தின் அடியிலும் நான் கட்டிய அலுமினியத் தகடு இருந்தது. ஆணியால் கீறிய எழுத்து. வி-1, வி-2 என்று நூற்று அறுபது வரை.

"இந்த ‘வி’ விநாயகருக்குப் போட்டதுதானுங் கண்ணு? படிச்ச புள்ளைக்கும் சாமி பயம் இருக்குதேன்னு நெனச்சுக்குவேன். நானும் ஒவ்வொண்ணையும் கும்பிட்டுத்தான் தண்ணி உட்டேன்."

அப்போதும் சிரித்தேன்.

அவர் வளையல்களை ஒவ்வொன்றாக, எட்டாம் வரிசையின் முதல் குத்தில் தாழ்வாக நீண்டிருந்த ஒரு காம்பில் கோத்தார். கண்ணாடி ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வந்தது. மஞ்சள் தடவிய கழி. ஒரு பெண்ணை உட்கார வைத்ததுபோலத்தான் இருந்தது.

அவர் மோர் எடுத்து வர வீட்டுப் பக்கம் போனபோது, குனிந்து வி-71 தகட்டின் கம்பியை முறுக்கிக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை.

மோர் நன்றாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

பிப்ரவரி 1

தகடு மேசையில் இருக்கிறது. மேலே ஒரு புத்தகத்தை வைத்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஹெலன் மேடம் கூப்பிட்டார். என் ஆய்வு நெறியாளர். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு ஜன்னலைக் காட்டினார்.

"பின்னாடி இருக்கற நம்ம பழைய குத்து மூணும் பூத்திருக்கு. பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"எப்போ பாத்த?"

"போன வாரம்."

"என்கிட்ட சொல்லல."

மறந்துவிட்டேன் என்றேன். அவர் சிறிது நேரம் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மயிலாத்தா தோட்டத்துலயும் பூத்திருக்காமே. ஒரே வாரத்துல. இங்கயும் அங்கயும் அறுபது கிலோமீட்டர் தூரம். ஒரே தாயோட துண்டா இருந்தாத்தான் அப்படி நடக்கும். பரிதி, நீ அங்க குடுத்த கன்னு எல்லாம் விதையிலேர்ந்து வந்ததுதானே?"

"ஆமா மேடம்."

"எல்லாமே?"

"எல்லாமே."

"சரி" என்றார். சரி என்று சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அது நல்லதாகப் போயிற்று என்று அப்போது நினைத்தேன்.

பிப்ரவரி 9

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாக எழுதிவைக்க வேண்டும். வேறு யாருக்கும் அல்ல.

மூங்கிலின் கழியிலிருந்து கணுவோடு ஒரு துண்டு வெட்டி மணலில் படுக்க வைத்தால் வேர் விடும், குருத்து விடும், கன்றாகும். பார்க்கப் புதுக் கன்று. ஆனால் அதன் வயது வெட்டிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. தாயின் வயதுதான் அதற்கும். தாய் பூக்கும் வருடம் அதுவும் பூக்கும், எங்கே நட்டிருந்தாலும். விதையிலிருந்து முளைத்தது மட்டுமே உண்மையில் புதிதாகப் பிறந்தது.

தாவரவியல் முதுகலை இரண்டாம் பருவத்தில் இதற்குப் பதினான்கு மதிப்பெண் கேள்வி வந்தது. பதிமூன்று வாங்கினேன்.

பின்புறக் குத்துகளின் வயது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 10

மேலே எழுதிய கடைசி வரி பொய். பழைய நடவுப் பதிவேடு கிட்டங்கியில் இருக்கிறது. பக்கம் 38. "எண்பத்தொன்றாம் ஆண்டு பூத்த காட்டின் விதை." நீல மை, சாய்ந்த கையெழுத்து. நாற்பத்து நான்கு வயது. நான் அந்தப் பக்கத்தை நான்கு வருடங்களுக்கு முன்பே படித்திருக்கிறேன்.

நாட்குறிப்பில்கூட முதலில் பொய்யைத்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரி 14, சனி

நான்கு வருடங்களுக்கு முன், அக்டோபர். நாற்றுக் கூடத்தில் விதை நாற்று நூற்று அறுபது பைகள் தயாராக நின்றன. நடவுக்குப் பத்து நாள் இருந்தது. நண்பர்களோடு மூன்று நாள் பாண்டிச்சேரி போனேன். கிளம்பும் அவசரத்தில் தெளிப்பானை நிறுத்தவில்லை. திரும்பி வந்தபோது கூடம் முழுக்க அழுகல் வாடை. சில கன்றுகள் செத்திருந்தன.

சில இல்லை. தொண்ணூறு.

பக்கத்துப் படுக்கையில், வேர்விடும் சோதனைக்காகப் பின்புறக் குத்திலிருந்து நான் வெட்டி வைத்த கணுத்துண்டுகள் செழிப்பாக நின்றன. நூற்றுக்கும் மேல். விதை நாற்றைவிட உயரம், இலை பெரிது. பார்த்தால் யாரும் அதைத்தான் எடுப்பார்கள்.

எழுபது விதைக் கன்றுகளோடு தொண்ணூறு துண்டுக் கன்றுகளைச் சேர்த்தேன். ஆணியை எடுத்து எல்லாத் தகட்டிலும் ‘வி’ கீறினேன். விதை என்பதற்கு ‘வி’. துண்டுக்கு எங்கள் வழக்கம் ‘து’. தொண்ணூறு தடவை ‘து’ என்று கீறியிருக்க வேண்டும். ‘வி’யைவிட ‘து’ கீறுவது எளிது. வளைவு குறைவு.

அடுத்த பூப்புக்கு இன்னும் பல வருடம் இருக்கும் என்று அன்று கணக்குப் போட்டேன். சில காடுகளில் அறுபது வருடம் கழித்துக்கூடப் பூத்திருக்கிறது. அதற்குள் பட்டம் வந்துவிடும், வேலை கிடைத்துவிடும், அந்த அம்மாவும் பத்துத் தடவை கழி வெட்டிவிடுவார்.

மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்: "விதை நாற்றுகளின் வளர்ச்சி வரிசை எட்டு முதல் பதினாறு வரை சற்றே மேம்பட்டுள்ளது, மண்ணின் வேறுபாடு காரணமாகலாம்." மேடம் அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு ‘நல்ல கவனிப்பு’ என்று எழுதியிருந்தார்.

பிப்ரவரி 17

யாராவது அவருக்குச் சொல்லிவிடுவார்கள். ஏணி செய்கிறவர் யாராவது. மலைப்பக்கத்து ஆட்கள் யாராவது. மூங்கில் பூத்தால் சாகும் என்பது ஒன்றும் ரகசியமில்லை.

நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பது இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

மயிலாத்தாள் போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

அந்த ஏக்கர் இன்னும் பாகம் பிரிக்காதது. கணவர் இறந்தபின் கொழுந்தனார் சென்னியப்பன் அதில் பாதி தனக்கு வேண்டும் என்று நின்றார். மூங்கில் வைக்கிறேன், நான்கு வருடம் பொறு, வெட்டுக்கு வந்தால் முழுதும் என் பொறுப்பில் இருக்கட்டும், வராவிட்டால் பாதியை எடுத்துக்கொள் என்று இவர் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார். இதை எனக்கு முதல் வருடமே சொல்லியிருந்தார். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அளவு நாடாவில் வராத விஷயம்.

"இன்னும் ஒரு கழி கூட வெட்டலியேன்னு கேக்கறாருங். பூத்திருக்குது, இனிமே பாருங்கன்னேன். பூவைப் பறிச்சுத் தலையில வெக்கறதான்னு எகத்தாளம் பேசறாரு. சண்டை எதுக்குன்னு பாதியைக் குடுத்தர்றதுன்னு முடிவு பண்ணிட்டனுங். திங்கக்கிழமை வண்டி கொண்டாந்து புடுங்கறாராம். கண்ணு, உங்களை ஒரு வார்த்தை கேக்காமச் செய்யக்கூடாதில்ல. பாதி போனாலும் பாதி நிக்கும்ல?"

"நிக்கும்மா."

"அது போதுங் கண்ணு. மிச்சம் பாதியை வெச்சு நான் பொழச்சுக்குவேன்."

எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.

கேட்கத் தோன்றாமல் இல்லை. போனை வைத்தபின் நான் உணர்ந்தது நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன். சொத்தைப் பாதியைத்தானே யாரும் கொடுப்பார்கள். இலை உதிர்ந்து குச்சியாக நிற்பதைக் கொடுப்பார். எட்டு முதல் பதினாறு வரை. இயந்திரம் வந்து தொண்ணூறையும் கிழங்கோடு பிடுங்கும். தகடுகளும் மண்ணோடு போகும். பச்சையாக நிற்கும் எழுபது அவருக்கு மிஞ்சும். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

மயிலாத்தாள் பேசியதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். பூத்திருக்குது, இனிமே பாருங்க.

நாளை முதல் பேருந்து.

பிப்ரவரி 23, திங்கள்

முதல் பேருந்து காங்கயத்துக்கு முன்னால் பழுதாகி நின்றது. ஊர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று.

சாலையிலிருந்தே தெரிந்தது. வரப்பில் பச்சையாக ஒரு குவியல்.

இயந்திரம் வாசல் பக்கத்திலிருந்து தொடங்கியிருந்தது. ஒன்றாம் வரிசை, இரண்டாம் வரிசை. கிழங்குகள் மண்ணைக் கவ்விக்கொண்டு தலைகீழாகக் கிடந்தன. போன மழையில் எழும்பிய குருத்துகளின் உறைகூட இன்னும் உதிரவில்லை. பொன்னிற மயிர் வெயிலில் மினுங்கியது. எட்டாம் வரிசை முதல் காய்ந்த குச்சிகள் பத்திரமாக நின்றன. வளையல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

சென்னியப்பன் தண்ணீர் பாட்டிலோடு நிழலில் நின்றிருந்தார்.

"வாங் சார். உங்க மூங்கிக்கு வேர்ப்பிடிப்பு சாஸ்திங். வண்டிப் பல்லு வளஞ்சு போச்சு. நங்கையா பரவால்லீங், பூக்காததைத்தான் எந்தலையில கட்டுச்சு. பூத்தது பூராம் அவியளே வெச்சுக்கிட்டாங்க. போவுட்டும், எனக்கு மண்ணுதான வேணும்." அண்ணியை அவர் நங்கையா என்றுதான் அழைப்பார்.

மயிலாத்தாள் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"வந்துட்டீங்ளா கண்ணு. பூத்த புள்ளைகளை எப்பிடிக் குடுக்கறது சொல்லுங்? மனசே வரல. அதான் பூக்காததை உட்டுக் குடுத்தேன். செரிதானுங்?"

இயந்திரம் ஏழாம் வரிசையில் இருந்தது. அதன் கை மேலே போய் இறங்கியது. வரிசையில் கடைசி நான்கு குத்துகள் மிச்சம்.

ஓடினேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். வயல் திடீரென்று அமைதியானது.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். நுண்ணோக்கி, கட்டுரை, பதினான்கு மதிப்பெண் எதுவும் வரவில்லை. "பூத்தது சாகும்மா. இதோ நிக்கிற எல்லாமே இந்தக் கோடைக்குள்ள காஞ்சிரும். பூக்காததுதான் உயிருள்ளது. அது மட்டும்தான் நெஜமா நாலு வயசு." அவ்வளவுதான் சொன்னேன்.

மயிலாத்தாள் பச்சைக் குவியலைப் பார்த்தார். பிறகு எட்டாம் வரிசையைப் பார்த்தார். பிறகு குனிந்து, பிடுங்கிப் போட்ட கிழங்கிலிருந்து ஒரு தகட்டை எடுத்து முந்தானையால் மண்ணைத் துடைத்தார்.

"இதுல ‘வி’ன்னுதானுங் போட்டிருக்குது. அதுலயும் ‘வி’. ரெண்டும் ஒண்ணுதானுங்?"

"‘வி’ன்னா விதைம்மா. இதுதான் விதை. அது விதை இல்ல. எங்க ஆபீஸ் பின்னாடி இருக்கற கிழட்டு மூங்கிலோட துண்டு. நான்தான் மாத்திக் கீறினேன்."

"விநாயகருக்கு இல்லீங்ளா?"

"இல்லம்மா."

சென்னியப்பன் பாட்டிலின் மூடியை இறுக்கினார். "அப்ப நாலு வருசமா நீங்க வந்து வந்து அளந்தீங்ளே, எதைங் அளந்தீங்?"

மயிலாத்தாள் அவரைக் கையமர்த்தினார். என்னிடம் மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் போன் பண்ணுனனே, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்ளா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வளையல் வாங்கிட்டு வந்தீங்ளா?"

இந்த முறை தலையை ஆட்டவில்லை. அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

ஓட்டுநர் கேட்டார், மிச்சம் நாலையும் எடுக்கணுமா என்று. சென்னியப்பன் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றியது.

"அது நாலும் வரப்போரந்தான நிக்குது. உட்ருப்பா. நங்கையாளுக்கு இருந்துட்டுப் போவுது."

பாதிக்கு உரிமைக்காரர். நான்கு வருடமாக அவரை என் அத்தியாயத்துக்கு இடைஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது மயிலாத்தாள் வழக்கம்போல மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை. "பஸ்ஸு பன்னெண்டேகாலுக்குங் சார்" என்றார்.

சார்.

பிப்ரவரி 24

கண்ணு என்று அவர் என்னை எத்தனை முறை கூப்பிட்டிருப்பார்.

மார்ச் 2, திங்கள்

ஹெலன் மேடமிடம் சொன்னேன். தகடு வி-71ஐ மேசையில் வைத்தேன். முதலில் தகட்டைப் பார்த்தார். பிறகு நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை.

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவை கேட்டேன்."

"ஆமா மேடம்."

"எனக்குத் தெரிஞ்சுதான் கேட்டேன். நீயே சொல்வேன்னு பாத்தேன்." தகட்டைத் தன் பக்கம் நகர்த்தினார். "நானும் நேரா அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடல."

அத்தியாயம் மூன்று போயிற்று. நான்கு குத்தை வைத்து எந்தப் புள்ளியியலும் செய்ய முடியாது. திட்ட அலுவலகத்துக்குத் திருத்தக் கடிதம் எழுத வேண்டும். அந்த அம்மாவுக்கு ஒரு நகல் போக வேண்டும், தமிழில், புரிகிற மாதிரி. பட்டம் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மார்ச் 5

கடிதம். ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் ‘தவறுதலாக’ என்ற சொல் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தவறுதலாகக் கலந்துவிட்ட. தவறுதலாகக் குறிக்கப்பட்ட. மேடம் ஒவ்வொரு முறையும் அதை மட்டும் அடித்தார்.

ஆறாவது முறை: "நான் தெரிந்தே மாற்றி எழுதினேன்."

நான்கு சொல். இன்னும் நீளமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 6

தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆய்வு மையத்தின் பின்புறக் குத்துகள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டன. கழியைத் தட்டினால் காய்ந்த சத்தம். கீழே விதை உதிர்கிறது. கோதுமை போல, பழுப்பாக, ஒரு முனையில் சிறு மூக்கோடு. புறாக்கள் நாள் முழுக்கக் கொத்துகின்றன.

சாகும் குத்து கடைசியாகத் தன்னிடம் உள்ளதை எல்லாம் விதையாக மாற்றிக் கொட்டிவிடும். இதையும் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன், பக்கம் 112. தட்டச்சு செய்யும்போது அது வெறும் ஒரு வாக்கியம்.

துடைப்பம் எடுத்துப் போய்ப் பெருக்கினேன். புடைத்து, கல் நீக்கி, ஒரு துணிப்பையில் கட்டினேன். பையின் மேல் எதுவும் எழுதவில்லை.

ஏப்ரல் 27

மயிலாத்தாளுக்குப் போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்து நின்றது.

மே 3

மறுபடியும். எடுக்கவில்லை.

மே 24, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்கு அவரே அழைத்தார்.

"சார், மயிலாத்தா பேசறனுங்."

எழுந்து நின்றுவிட்டேன். போனில் பேசும்போது ஏன் எழுந்து நின்றேன்.

"உங்க கடுதாசி வந்துதுங். எங்கொழுந்தனார்தான் படிச்சுக் காட்டுனாரு. செரி, அதை உடுங். இது பூராம் காஞ்சு சாஞ்சு போச்சுங். கீழ விதை குமிஞ்சு கெடக்குது. சேலையை விரிச்சு மூணு நாளாப் பெருக்கி வெச்சிருக்கேன். ஒரு மூட்டை தேறுமுங். இதைப் போட்டா மொளைக்குமுங்ளா?"

"முளைக்கும்மா. ஆனா சீக்கிரம் போடணும். மாசம் போகப் போக முளைப்பு குறைஞ்சிரும். நான் நாளைக்கே வந்து..."

"நீங்க வர வேண்டாமுங் சார். எப்பிடிப் போடோணும்னு மட்டும் சொல்லுங். நான் போட்டுக்குவேன்."

சொன்னேன். ஒரு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். மிதப்பதை எடுத்துவிடுங்கள். மணலும் மண்ணும் சாணியும் கலந்த பாத்தி. மேலே மெல்லிசாக மண். நிழல் வேண்டும். பூவாளியில் தண்ணீர், காலையில் மட்டும்.

"தண்ணி அதிகமானா?"

"அழுகிரும்மா."

"கடுதாசியில எழுதியிருந்தீங்ளே, உங்களுக்கு அழுகுன மாதிரி."

"ஆமாம்மா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரச் சத்தம். அவர் யாரிடமோ, ஆடு அங்க போகுது பாரு என்றார். பிறகு திரும்பி வந்தார்.

"அந்த வளையலு, கழி சாஞ்சதுல நாலு ஒடஞ்சு போச்சுங். மிச்சத்தைக் கழட்டி எடுத்து வெச்சிருக்கேன். வேணும்னா வாங்கிக்குங்க."

"உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

"எனக்கெதுக்குங்."

அவர் போனை வைக்கவில்லை.

"சார், இந்த விதையில மொளைக்கறது எத்தனை வயசுங்? நெசமாச் சொல்லுங்."

"பூஜ்யம். முளைக்கிற அன்னிக்குத்தாம்மா பிறக்குது. இது நிஜம்."

"அப்ப அது பூக்கறதுக்கு?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு வருஷம் ஆகலாம்."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது எனக்குக் கேட்டது.

"அன்னிக்கு நான் இருக்க மாட்டேன். எங்கொழுந்தனாரும் இருக்க மாட்டாரு. நீங்க இருப்பீங். யாரு அப்ப இந்தத் தோட்டத்துல இருந்தாலும் செரி, பூத்துருச்சுன்னு உங்களுக்குப் போன் பண்ணுவாங்க. அவிய சந்தோசமாத்தான் பண்ணுவாங்க. அன்னிக்காச்சும் சொல்லிப்போடுங்க சார்."